நம் ஆட்களுக்கு அல்சைமர் வராதாமே?

ஆற்காட்டான் கேட்டது | 3 நவம்பர் 2024

குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா அனுப்பியது. உலகத்திலேயே இந்தியக் கிராமங்களில்தான் அல்சைமர் ரொம்பக் குறைவாம், அமெரிக்காவில் இருப்பதில் கால்வாசிதானாம், காரணம் நம் ஜீனும் மஞ்சளுமாம். ஹரியானாவில் ஆய்வு செய்து நிரூபித்துவிட்டார்கள் என்கிறார். உண்மையா? உண்மை என்றால் என் அப்பாவுக்கு ஏன் வந்தது?

காட்பாடி டீச்சர் | 3 நவம்பர் 2024, இரவு 11.20

ஆய்வு நிஜம். ஹரியானாவில் பல்லப்கர் பக்கம் 28 கிராமங்களில் மேரி கங்குலி, விஜய் சந்திரா முதலானவர்கள் 1990களில் செய்த இந்தோ-அமெரிக்கக் கூட்டு ஆய்வு அது. 65 வயது தாண்டியவர்களில் 1.07 சதவீதம் பேருக்குத்தான் அல்சைமர் இருந்தது. புதிதாக நோய் வருகிறவர்களை எண்ணியபோது ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 4.7 பேர். பென்சில்வேனியாவில் மொனொங்கஹீலா என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு ஊர்களில் அதே கணக்கு 17.5. உங்கள் சித்தப்பாவின் கால்வாசி இங்கிருந்துதான் வந்தது.

ஜீன் விஷயத்திலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஏப்போ-ஈ என்று ஒரு ஜீன், அதில் 2, 3, 4 என்று மூன்று வடிவம். 4 தான் ஆபத்தானது. பல்லப்கரில் அந்த 4 சுமார் 7 சதவீதம், பென்சில்வேனியாவில் 11 சதவீதம். நம்மிடம் 4 குறைவு, அதனால் நோயும் குறைவு என்று சொல்லலாம்.

மஞ்சள்: அந்த நாளில் எலிக்கு மஞ்சள் கொடுத்துப் பார்த்தவர்கள் "இந்தியாவில் அல்சைமர் குறைவு" என்பதை ஒரு காரணமாக எழுதினார்கள். பிறகு நோயாளிகளுக்கு மஞ்சளில் உள்ள குர்குமினைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் பலன் தெரியவில்லை. அது குடலிலிருந்து ரத்தத்தில் சேர்வதே சொற்பம். சாம்பாரில் போடுங்கள், நிறத்துக்கு.

காட்பாடி டீச்சர் | 4 நவம்பர் 2024, காலை 5.15

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதிய இரண்டாவது பத்தி தப்பு. மாணவன் எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜீன் நமக்கு இரண்டு பிரதி, அப்பாவிடம் ஒன்று அம்மாவிடம் ஒன்று. மொத்தப் பிரதிகளில் 4 ஏழு சதவீதம் என்றால் குறைந்தது ஒரு 4 இருப்பவர்கள் ஊரில் 14 சதவீதம் பேர். 11 சதவீதம் என்றால் 21 சதவீதம் பேர். 4 இருந்தால் ஆபத்து மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால் மொத்த ஊரின் சராசரி ஆபத்து பல்லப்கரில் 1.28, அங்கே 1.42. பத்துப் பதினொரு சதவீத வித்தியாசம், அவ்வளவுதான். கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசத்தை இது எப்படித் தாங்கும்? இன்னொன்று, 4 இருக்கிறவர்களுக்கு ஆபத்து கூடுவது பல்லப்கரிலும் அமெரிக்காவிலும் ஒரே மாதிரிதான் இருந்தது என்று அதே குழு 2000இல் எழுதியிருக்கிறது. ஜீன் நம்மைத் தனியாகக் காப்பாற்றவில்லை. அந்த மீதி வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

காட்பாடி டீச்சர் | 6 நவம்பர் 2024

இந்த விஷயம் எனக்கு ஏன் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்று, 26 வருஷம் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுத்தேன். இரண்டு, அம்மாவுக்கு 2019இல் அல்சைமர் என்று சொன்னார்கள். மூன்று, போன வருஷம் டெக்சஸில் இருக்கும் அண்ணன் மகள் எச்சிலைக் குழாயில் துப்பி ஒரு கம்பெனிக்கு அனுப்பி, 3/4 (ஒரு பிரதி 3, இன்னொன்று 4) என்று ரிசல்ட் வாங்கி, ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குப் போன் போட்டு அழுதாள். அன்றிலிருந்து படிக்கிறேன்.

அவளுடைய அறிக்கையை வரி வரியாகப் படித்தேன். பெரிய எழுத்தில் சதவீதம், கீழே சின்ன எழுத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்தது என்று ஒரு வரி. அவள் அந்த வரியைப் பார்க்கவே இல்லை. யார் பார்ப்பார்கள்?

அந்தச் சின்ன எழுத்து எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு உதாரணம். 1993இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸின் குழு இந்த 4க்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தது. நாலு வருஷம் கழித்து, அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். 3/3 இருப்பவரோடு ஒப்பிட்டால் 4/4 இருப்பவருக்கு நோய்க்கான விகிதம் வெள்ளையரில் 14.9. ஜப்பானியரில் 33.1. கறுப்பின அமெரிக்கர்களில் 5.7. ஹிஸ்பானிக்குகளில் 2.2. ஜீன் ஒன்றுதான், புரதத்தில் 112ஆம் இடத்தில் சிஸ்டீன் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்ஜினின் வந்து உட்காருவதும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் 2.2க்கும் 33க்கும் நடுவில் ஒரு கடலே இருக்கிறது. இதில் "இந்தியர்" என்று ஒரு வரிசையே இல்லை என்பதையும் கவனிக்கவும்.

காட்பாடி டீச்சர் | 6 நவம்பர் 2024, சற்று நேரம் கழித்து

யாரோ "டீச்சர், 33 மடங்கு என்றால் 100க்கு மேல் போகுமே" என்று கேட்டிருக்கிறீர்கள். அது நோய் வந்தவர், வராதவர் விகிதங்களை ஒப்பிட்ட விகிதம், சதவீதம் இல்லை. பெயிலான பையன்கள்தான் எப்போதும் நல்ல கேள்வி கேட்பார்கள்.

காட்பாடி டீச்சர் | 11 நவம்பர் 2024

ஜீன் ஒன்று, ஆபத்து வேறு வேறு என்பதை இனம் என்று சொல்லி முடித்துவிடலாமா என்றால் முடியாது. நைஜீரியாவில் இபாதான் நகரத்து யோருபா மக்களையும் இண்டியானாபொலிஸில் உள்ள கறுப்பின அமெரிக்கர்களையும் ஒரே அளவுகோலால் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். 2001இல் வந்த கணக்கில் அல்சைமர் இபாதானில் ஆண்டுக்கு 1.15 சதவீதம், இண்டியானாபொலிஸில் 2.52. இபாதானில் 4 இல்லாமல் இல்லை, தாராளமாக இருந்தது. ஆனால் நோயோடு அதற்கு ஒட்டே தெரியவில்லை. பிறகு இன்னும் அதிகம் பேரைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் லேசாகத் தெரிந்தது.

2018இல் ஒரு குழு புத்திசாலித்தனமாக ஒன்று செய்தது. கறுப்பின அமெரிக்கர், போர்ட்டோ ரிக்கோக்காரர் உடம்பில் ஆப்பிரிக்கத் துண்டும் ஐரோப்பியத் துண்டும் கலந்து கிடக்கும். ஆளை இனம் பிரிக்காமல், அந்த 4 உட்கார்ந்திருக்கும் 19ஆம் குரோமோசோம் துண்டு எங்கிருந்து வந்தது என்று மட்டும் பார்த்தார்கள். ஐரோப்பியத் துண்டில் உட்கார்ந்த 4க்கு ஆபத்து அதிகம், ஆப்பிரிக்கத் துண்டில் உட்கார்ந்த 4க்குக் குறைவு. ஆளுடைய தோல் நிறம், மீதி குரோமோசோம்கள் எதுவும் கணக்கில் பெரிதாக வரவில்லை. அதாவது வாடகைக்கு வந்தவன் அதே ஆள்தான், அக்கம்பக்கம்தான் வேறு. பின்னால் மூளைத் திசுவைப் பார்த்தபோது ஐரோப்பியத் துண்டில் இருக்கும் 4 கூடுதலாகப் புரதம் செய்ய உத்தரவு போடுகிறது என்று தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு நல்லகாலம் என்று முடிவுக்கு வராதீர்கள், நான் வந்தேன். வட கலிஃபோர்னியாவில் ஒரே மருத்துவத் திட்டத்தில் இருக்கும் 2 லட்சத்து 74 ஆயிரம் முதியவர்களை 14 வருஷம் பார்த்த கணக்கு 2016இல் வந்தது. டிமென்ஷியா (அல்சைமர் உள்பட எல்லா மறதி நோய்க்கும் பொதுப் பெயர்) ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு, கறுப்பினத்தவரில் 26.6, வெள்ளையரில் 19.3, ஆசிய அமெரிக்கர்களில் 15.2. ஜீன் மெதுவாகக் கடிக்கிற ஆட்களுக்குத்தான் நோய் அதிகம். ரத்த அழுத்தம், சர்க்கரை, சின்ன வயதில் கிடைக்காத பள்ளிக்கூடம், குடியிருக்கக் கிடைத்த தெரு எல்லாம் சேர்ந்து ஜீனை முந்திவிடுகின்றன.

காட்பாடி டீச்சர் | 12 நவம்பர் 2024

அந்த ஆசிய அமெரிக்கர் 15.2ஐப் பார்த்துச் சித்தப்பாவிடம் காட்ட வேண்டாம். அதில் சீனர், ஜப்பானியர், பிலிப்பினோ, நாம் எல்லோரும் ஒரே பாத்திரத்தில்.

காட்பாடி டீச்சர் | 19 நவம்பர் 2024

நாலைந்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, அம்மாவுக்குக் காய்ச்சல். வந்து பார்த்தால் ஒருவர் தாது வருஷப் பஞ்சத்தை இழுத்து வந்திருக்கிறார். 1876-78இல் நம் முன்னோர் பட்டினி கிடந்தது எபிஜெனெடிக்ஸ் வழியாக நமக்கு வந்து, அதனால்தான் சர்க்கரை, அதனால்தான் மறதி நோய் என்கிறார். எழுத்து நன்றாக இருக்கிறது. ஆதாரம்தான் இல்லை.

எபிஜெனெடிக்ஸ் என்பது இதுதான். ஜீன் ஒரு சமையல் குறிப்பு நோட்டு என்றால், சில பக்கங்களைப் பின் அடித்து மூடி வைப்பது மாதிரி. எழுத்து மாறவில்லை, ஆனால் அந்தப் பக்கம் படிக்கப்படாது. டி.என்.ஏ.வில் சி எழுத்தும் ஜி எழுத்தும் அடுத்தடுத்து வரும் இடங்களில் மீத்தைல் என்ற சின்னப் பின் ஏறும். உணவு, புகை, வயது எல்லாம் பின்னை ஏற்றும், கழற்றும். ஹாலந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் கருவானவர்களை அறுபது வருஷம் கழித்துப் பார்த்தபோது, பஞ்சத்தில் சிக்காத கூடப்பிறந்தவர்களைவிட ஐஜிஎஃப்2 என்ற ஜீனில் பின் குறைவாக இருந்தது. இது உறுதியான விஷயம். ஆனால் அது பட்டினியை வயிற்றில் இருந்தபோதே அனுபவித்தவர்களைப் பற்றியது. ஐந்து தலைமுறை தாண்டி நமக்கு வந்தது என்று காட்ட யாராலும் முடியவில்லை. கொள்ளுத்தாத்தாவின் பஞ்சத்தைச் சொல்லி நான் இன்னொரு ஜாங்கிரி சாப்பிட முடியாது.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 3 வடிவம் 4 ஆவது எப்படி என்றால் டி.என்.ஏ.வில் ஒரே ஒரு டி எழுத்து சி ஆகிறது. அதற்கு அடுத்த எழுத்து ஜி. அதாவது 4 பிறக்கும்போதே புதிதாக ஒரு பின் குத்தும் இடமும் பிறக்கிறது. 2 வடிவத்தில் நேர் எதிர், 158ஆம் இடத்துக்கான எழுத்தில் சி போய் டி வருகிறது, ஒரு பின் இடம் காணாமல் போகிறது. ஜீன் வேறு, எபிஜீன் வேறு என்று நானே கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்த இடத்தில் இரண்டு கட்டமும் ஒன்றாகிவிட்டது.

அல்சைமர் மூளையில் பின்கள் எங்கே மாறியிருக்கின்றன என்று 2014இல் இரண்டு குழுக்கள் தேடின, ஏஎன்கே1 என்ற ஜீனில் இரண்டு குழுவுக்குமே ஒரே மாதிரி மாற்றம் கிடைத்தது. ஆனால் பார்த்தது இறந்தவர்கள் தானமாகத் தந்த மூளைகளை, தந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். ரத்தத்தில் இருக்கும் பின் வேறு, மூளையில் இருக்கும் பின் வேறு, அதனால் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பெங்களூர் நிம்ஹான்ஸில் மூளை வங்கி இருக்கிறது. நம் வீட்டில் பெரியவர் போனால் மூளையைக் கொடுப்போம் என்று யார் சொல்வீர்கள்? நான் சொல்லிப் பார்த்தேன், அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை.

காட்பாடி டீச்சர் | 25 நவம்பர் 2024

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அங்கே இந்த மறதி நோயை "அறளை பெயர்தல்" என்பார்கள் என்று எழுதியிருக்கிறார். அருமையான சொல். கேரளாவில் "சின்னன்", அதாவது திரும்பவும் சின்னப் பிள்ளை ஆவது. நம் பக்கம் தனிப் பெயரே இல்லை, "வயசாயிடுச்சு" என்பதோடு முடிந்தது.

கொலம்பியாவில் அந்தியோக்கியா மாகாணத்தில் மலை ஊர்களில் "லா போபேரா" என்பார்களாம், மந்தம் என்கிற மாதிரி. அங்கே பிரான்சிஸ்கோ லொபேரா என்ற மருத்துவர் பல பத்தாண்டுகள் கிராமம் கிராமமாகப் போய்க் குடும்ப மரங்களை எழுதினார். இது 4 மாதிரி ஆபத்து கூட்டுகிற ஜீன் இல்லை. பிரெசெனிலின்-1 என்ற வேறொரு ஜீனில் ஒரே ஒரு மாற்றம், அது இருந்தால் நாற்பத்துநாலு வயது சுமாருக்கே மறதி ஆரம்பித்துவிடும், தப்பவே முடியாது என்று நினைத்திருந்தார்கள். ஒரு பெண்மணிக்கு எழுபது தாண்டும் வரை வரவில்லை. பார்த்தால் அவருக்கு ஏப்போ-ஈ3இல் கிறைஸ்ட்சர்ச் என்ற அரிய மாற்றம் இரண்டு பிரதி இருந்தது. 2019இல் அது வெளியானது. அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் மண்டிக்கிடந்தும் டௌ என்ற இன்னொரு புரதம் கம்மி. ஒரே மலைக்குள் உறவுக்குள்ளேயே கல்யாணம் செய்து வந்த கூட்டம் என்பதால்தான் அப்படி ஒரு ஜீனை அங்கே பார்க்க முடிந்தது. சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுக்கிற நமக்கு இது உறைக்க வேண்டும். லொபேரா இந்த செப்டம்பரில்தான் காலமானார்.

காட்பாடி டீச்சர் | 2 டிசம்பர் 2024

"அப்போது 1 சதவீதம், இப்போது 7.4 சதவீதம், முப்பது வருஷத்தில் ஏழு மடங்கு" என்று இடையில் ஒருவருக்குப் பதிலாக எழுதினேன், அதை ஒருவர் பிடித்துவிட்டார். சரியான பிடி. 1.07 என்பது அல்சைமர் மட்டும், 65 தாண்டியவர்கள். 7.4 என்பது இந்தியா முழுக்க முதியவர்களிடம் நடந்த லாசி-டாட் ஆய்வு 2023இல் சொன்னது, எல்லா வகை டிமென்ஷியாவும், 60 தாண்டியவர்கள், மொத்தம் 88 லட்சம் பேர். பல்லப்கரிலும் எல்லா டிமென்ஷியாவையும் சேர்த்தால் 1.36. அப்படி ஒப்பிட்டாலும் ஐந்து மடங்குக்கு மேல். அதுவும் வயது வரம்பு குறைவாக வைத்தும். லாசி-டாட் கணக்கில் கிராமத்தில் 8.4, நகரத்தில் 5.3. சித்தப்பாவின் தலைகீழ்.

முப்பது வருஷத்தில் ஜீன் மாறாது. அப்போது எண்ணியவர்கள் சரியாக எண்ணவில்லை என்றும் சொல்ல மாட்டேன், அவர்கள் கவனமாகத்தான் செய்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக இந்தியில் தனிக் கேள்வித்தாளே செய்தார்கள். வேறு எங்கோ நழுவியிருக்கிறது.

காட்பாடி டீச்சர் | 8 டிசம்பர் 2024, இரவு

எங்கே நழுவியது என்று எனக்குத் தெரிந்த இடத்தைச் சொல்கிறேன், நீளமாக இருக்கும்.

10/66 என்று ஒரு ஆய்வுக் குழு. உலகத்து டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளில், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை, அதனால் அந்தப் பெயர். சென்னையிலும் எங்கள் வேலூர்க் கிராமங்களிலும் வீடு வீடாகப் போனார்கள். 2008இல் முடிவு வந்தது. அமெரிக்க மனநல அளவுகோலின்படி பார்த்தால் இந்தியக் கிராமத்தில் டிமென்ஷியா 0.3 சதவீதம், பார்த்த எல்லா நாட்டு ஊர்களிலும் இதுதான் கடைசி. கியூபாவில் 6.3. அதே ஆட்களை 10/66 தானே செய்த அளவுகோலால் பார்த்தால் எந்த ஊரிலும் 5.6க்குக் குறையவில்லை, 11.7 வரை போனது. அமெரிக்க அளவுகோலில் ஒரு நிபந்தனை உண்டு. மறதியால் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்கிறது என்று வீட்டார் சொல்ல வேண்டும். நம் வீட்டார் சொல்லவில்லை. கிழவிக்குச் சமையல் இல்லை, கடை இல்லை, பேங்க் இல்லை, மருமகள் பார்த்துக்கொள்கிறாள். கெடுவதற்கு என்ன இருக்கிறது?

இதைப் படித்த அன்று பரணில் ஏறி அம்மாவின் பழைய மாதக் காலண்டர்களை இறக்கினேன். அம்மா எதையும் தூக்கிப்போட மாட்டாள். பால் கணக்கு அதில்தான். ஒரு லிட்டருக்கு 1, அரை லிட்டருக்கு ½, பால்காரர் வராத நாளுக்குச் சுழி. 2014 முழுக்க அச்சடித்த மாதிரி இருக்கிறது. 2015 ஜூன் 9இல் ஒரே கட்டத்தில் 1 இரண்டு தடவை. ஆகஸ்டில் நாலு கட்டம் காலி. 2016இல் பிப்ரவரிக் கணக்கை மார்ச் தாளில் எழுதியிருக்கிறாள். 2017 தீபாவளிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை, ஒரு இடத்தில் மட்டும் கட்டத்துக்கு வெளியே என் பெயர்.

2016இல் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பால்காரரோடு சண்டை போட்டோம். அம்மாவின் கணக்கும் அவர் கணக்கும் ஒத்துப்போகவில்லை, ஏமாற்றுகிறார் என்று பன்னிரண்டு வருஷம் பால் ஊற்றியவரை நிறுத்தினோம். அவர் "அம்மா கணக்குல எப்பவும் தப்பு வராதே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நாங்கள் படித்த குடும்பம், நான் விலங்கியல் டீச்சர். 2016இல் எந்த ஆய்வாளராவது வாசலில் வந்து அம்மாவுக்கு மறதி உண்டா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். ஒரு பூஜ்யம் எழுதிக்கொண்டு போயிருப்பார்.

காட்பாடி டீச்சர் | 9 டிசம்பர் 2024

மேலே உள்ளதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, நியாயமாகச் சொல்ல வேண்டும். 2019இல் ஒரு ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார் ஒரு சின்ன டாக்டர். அம்மா "மூணாவது ஆடி வெள்ளி" என்றாள். சரிதான், கூழ் ஊற்றிவிட்டுத்தான் கிளம்பியிருந்தோம். அவர் தப்பு போட்டார். தேதியும் வருஷமும் பேப்பர் படிப்பவர்களுக்கான கேள்வி. அளவுகோல் தளர்ந்தால் ஆள் விடுபடும், இறுகினால் நல்ல ஆளும் மாட்டுவார்.

காட்பாடி டீச்சர் | 15 டிசம்பர் 2024

ஆற்காட்டானுக்கு நேரடிப் பதில். உங்கள் அப்பாவுக்கு ஏன் வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 4 இருந்தும் தொண்ணூறு வயது வரை தெளிவாக இருந்தவர்கள் உண்டு, இல்லாமல் நோய் வந்தவர்கள் ஏராளம். ஒரே இடத்தில்தான் அந்த ஜீன் டெஸ்ட் இன்று உடனடியாக உதவும். லெகானெமாப் என்ற அல்சைமர் மருந்துக்கு அமெரிக்கா 2023 ஜூலையில் முழு அனுமதி கொடுத்தது. அதன் பெரிய சோதனையில் 4/4 உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு மூளையில் நீர் கோத்து வீங்கியது ஸ்கேனில் தெரிந்தது. ஆகவே மருந்து போடுமுன் பார்ப்பார்கள். மற்றபடி சர்க்கரை, பிரஷர், காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, கொலஸ்ட்ரால் இவற்றைப் பாருங்கள். இப்படி மாற்றக்கூடிய 14 விஷயங்களைச் சரிசெய்தால் உலக டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தள்ளிப்போடலாம் அல்லது தடுக்கலாம் என்பது லான்செட் குழு இந்த வருஷம் சொன்னது. காது மெஷின் வாங்கப் போகும்போது யாரும் ராத்திரி இரண்டு மணிக்கு அழுவதில்லை.

டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வாட்சன் தன் முழு ஜீனோமையும் ஊருக்கு வெளியிட்டபோது ஏப்போ-ஈ பகுதியை மட்டும் மறைக்கச் சொன்னார். பாட்டிக்கு அல்சைமர், தெரிந்துகொள்ள விருப்பமில்லை. பக்கத்து எழுத்துகளைப் பார்த்தே மறைத்ததை ஊகித்துவிடலாம் என்று வேறு ஆட்கள் எழுதியதும் இன்னும் கொஞ்சம் அகலமாக மறைத்தார்கள். பரிட்சைத் தாளைக் கையால் மூடிக்கொள்ளும் பையன் மாதிரி.

காட்பாடி டீச்சர் | 4 ஜனவரி 2025

அண்ணன் மகள் இதை எல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறாள், தமிழ் வேகமாக வராது, அவள் அப்பா வாசித்துக் காட்டினாராம். போன் செய்து "அத்தை, நீங்க டெஸ்ட் எடுத்தீங்களா?" என்றாள். இல்லை என்றேன். அவளுக்கு 4 வந்தது அண்ணன் வழியா அண்ணி வழியா என்பதே தெரியாது, அண்ணன் வழி என்றால் எனக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பயமா என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள்.

காட்பாடி டீச்சர் | 5 ஜனவரி 2025

புது வருஷக் காலண்டர் மளிகைக் கடையில் கொடுத்தார்கள், முருகன் படம். பால் கணக்கை நான் எழுத ஆரம்பித்திருக்கிறேன். இப்போது பாக்கெட் பால்தான், கணக்கு எழுத அவசியமே இல்லை. இன்றைக்கு 1. எழுதியாயிற்று, ஒரு தடவைதான், இப்போதும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.